அழித்தும் குறையாத டிஸ்க்: கடலூரிலிருந்து ஒரு சர்வர் கேள்வி

கேள்வி: வணக்கம் சார். கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் வேலை பார்க்கிறேன். படித்தது பி.காம். பில்லிங்குக்குத்தான் சேர்ந்தேன். கம்ப்யூட்டர் கொஞ்சம் தெரியும் என்பதால் சர்வரும் என் பொறுப்பாகிவிட்டது. உபுண்டு சர்வர். டாம்கேட் என்ற ஜாவா சர்வர் ப்ரோக்ராமில் லேப் சாஃப்ட்வேர் ஓடுகிறது, பின்னால் டேட்டாபேஸாக மைஎஸ்க்யூஎல் 8. போன சனிக்கிழமை காலை, கூட்டமான நேரத்தில் ரிப்போர்ட் சேவ் ஆகாமல் சுற்றிக்கொண்டே இருந்தது. டிஎஃப் கமாண்ட் போட்டுப் பார்த்தால் டிஸ்க் 100%. மொத்தம் 98 ஜிபி, பயன்படுத்தியது 93, மிச்சம் 0. நடுவில் 5 ஜிபி எங்கே போனது என்றே புரியவில்லை. காடலினா.அவுட் என்ற லாக் ஃபைல் மட்டும் 31 ஜிபி இருந்தது. ஆர்எம் போட்டு அழித்தேன். ஃபைலைக் காணோம், ஆனால் டிஸ்க் அப்படியே 100% காட்டுகிறது. ஃபோல்டர்களின் அளவைக் காட்டும் டியு கமாண்ட் போட்டுக் கூட்டினால் 47 ஜிபிதான் வருகிறது. மைஎஸ்க்யூஎல் ஃபோல்டரில் பின்லாக் என்ற பெயரில் வரிசையாக ஃபைல்கள், சேர்ந்து 14 ஜிபி. 'லாக்தானே, அழித்துவிடு' என்கிறார் தெரிந்தவர் ஒருவர். முதலாளியோ புது ஹார்ட் டிஸ்க் வாங்கிவிடலாம் என்கிறார். பேக்கப் தினமும் இரவு யுஎஸ்பி டிஸ்க்குக்குப் போகிறது, அதில் பிரச்சினை இல்லை. நான் என்ன செய்யட்டும்?

பதில்:

தம்பி, இதைப் படித்து முடிக்கும் வரை அந்த சர்வரில் இன்னொரு ஃபைலைக்கூட அழிக்காதீர்கள். பின்லாக் பக்கம் போகவே வேண்டாம். மற்றதெல்லாம் சரிசெய்யக் கூடியதுதான், பயப்பட ஒன்றுமில்லை.

கமாண்டுகளை இங்கே தமிழ் எழுத்தில் எழுதுகிறேன். டெர்மினலில் நீங்கள் வழக்கம்போல ஆங்கில எழுத்தில் அடித்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றுக்கும் முன்னால் சூடோ சேருங்கள், அப்போதுதான் ரூட், அதாவது முழு அனுமதி உள்ள யூசராக ஓடும். சாதாரண யூசராக டியு ஓட்டினால் அனுமதி இல்லாத ஃபோல்டர்களைக் கூட்டாமல் விட்டுவிடும், கணக்கு தப்பாக வரும். உங்கள் 47 அப்படி வந்ததா என்று முதலில் ஒருமுறை சரிபாருங்கள். இனி நான் சொல்வதெல்லாம் அந்த 47 சரியான கணக்கு என்று வைத்துக்கொண்டுதான்.

காணாமல் போன 5 ஜிபியை முதலில் முடித்துவிடுவோம். உபுண்டுவில் வழக்கமாகப் போடப்படும் ஈஎக்ஸ்டி4 ஃபைல் சிஸ்டம், மொத்த இடத்தில் 5 சதவீதத்தை ரூட் யூசருக்கென்று ஒதுக்கி வைக்கும். 98க்கு 5 சதவீதம், கிட்டத்தட்ட 5 ஜிபி. மைஎஸ்க்யூஎல் தன் சொந்த யூசர் பெயரில் ஓடுவதால் அந்த இடத்தைத் தொட முடியாது. சனிக்கிழமை அது முடங்கியபோதும் நீங்கள் சூடோ போட்டு வேலை செய்ய முடிந்ததற்கு இந்த ஒதுக்கீடுதான் காரணம். டியூன்2எஃப்எஸ் கமாண்டால் இதைக் குறைக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். வெறும் டேட்டா வைக்கிற தனி டிஸ்க்கில் குறைக்கலாம். சிஸ்டம் இருக்கிற டிஸ்க்கில் கை வைக்காதீர்கள்.

இப்போது முக்கியமான கேள்வி. 31 ஜிபியை அழித்தும் இடம் ஏன் வரவில்லை?

லினக்ஸில் ஃபைலின் பெயர் வேறு, அதன் உள்ளடக்கம் வேறு. ஆர்எம் எடுப்பது பெயரை மட்டும்தான். வாடகை வீட்டு வாசலில் மாட்டியிருக்கும் பெயர்ப்பலகையைக் கழற்றிவிட்டால் உள்ளே இருப்பவர் காலி செய்துவிட்டார் என்று ஆகுமா? அவர் உள்ளேயே இருக்கிறார், சமையல் நடக்கிறது. தெருவில் போகிறவருக்குப் பெயர் தெரியவில்லை, அவ்வளவுதான். உங்கள் டாம்கேட் அந்த லாக் ஃபைலைத் திறந்து வைத்திருந்தது. நீங்கள் பெயரை எடுத்த பிறகும் அது மூடவில்லை, இந்த நிமிடமும் அதற்குள்தான் எழுதிக்கொண்டிருக்கிறது. பெயரும் போய், திறந்து வைத்திருக்கும் கடைசி ப்ராசஸும், அதாவது ஓடுகிற ப்ரோக்ராமும், கையை விட்டால்தான் இடம் திரும்பி வரும்.

டியுவும் டிஎஃப்பும் ஒத்துப்போகாததற்கும் இதுவே காரணம். டியு ஒவ்வொரு ஃபோல்டராகப் போய், பெயர் இருக்கும் ஃபைல்களை மட்டும் எண்ணுகிறது. டிஎஃப் நேராக ஃபைல் சிஸ்டத்திடமே கேட்கிறது. பெயர் இல்லாமல் குடியிருப்பவர் டியுவின் கண்ணில் படமாட்டார்.

நீங்களே பார்க்கலாம். எல்எஸ்ஓஎஃப் என்று அடித்து, ஒரு இடைவெளி விட்டு, கூட்டல் குறி, பெரிய எல், 1 போடுங்கள். பெயர் போயும் திறந்திருக்கும் ஃபைல்களை மட்டும் காட்டும். ஜாவா என்று தொடங்கும் ஒரு வரி வரும். அதில் ப்ராசஸ் எண், யூசர் பெயர், அதை அடுத்து 1டபிள்யூ அல்லது 2டபிள்யூ, பிறகு 33 என்று தொடங்கும் பதினோரு இலக்க எண் இருக்கும். அது பைட் கணக்கு, உங்கள் 31 ஜிபிதான். வரியின் கடைசியில் டெலீட்டட் என்று அடைப்புக்குறிக்குள் எழுதியிருக்கும்.

தீர்வு எளிது: டாம்கேட்டை ரீஸ்டார்ட் செய்தால் போதும். ஆனால் காலையில் செய்யாதீர்கள். வெறும் வயிற்றோடு வந்து வரிசையில் நிற்கிறவர்கள் இருப்பார்கள். இரவு லேப் மூடிய பிறகு செய்யுங்கள். ரீஸ்டார்ட்டுக்கு முன் இன்னொரு வேலை இருக்கிறது. ஃபைல் இன்னும் உயிரோடு இருப்பது ஒருவகையில் நமக்கு நல்லது, அதைப் படிக்க முடியும். ப்ராக் ஃபோல்டருக்குள் அந்த ப்ராசஸ் எண்ணில் ஒரு ஃபோல்டர், அதற்குள் எஃப்டி, அதற்குள் 1 என்று ஒன்று இருக்கும். எல்எஸ்ஓஎஃப் 2டபிள்யூ மட்டும் காட்டியிருந்தால் 2. டெயில் கமாண்டால் அதன் கடைசி 2000 வரிகளை எடுத்து யுஎஸ்பி டிஸ்க்கில் வைத்துக்கொள்ளுங்கள். ரீஸ்டார்ட் செய்துவிட்டால் அந்த ஃபைல் நிரந்தரமாகப் போய்விடும். அந்த வரிகள் பின்னால் வேண்டும்.

இனிமேல் ஓடுகிற ப்ரோக்ராமின் லாக்கை உடனே குறைக்க வேண்டி வந்தால் ஆர்எம் போடாதீர்கள். ட்ரன்கேட் கமாண்டால் அளவை 0 ஆக்குங்கள். பெயர் இருக்கும், ப்ரோக்ராம் தன் பாட்டுக்கு எழுதும், இடம் அந்த நொடியே வந்துவிடும்.

சரி, கணக்குக்கு வருவோம். டிஎஃப் 93 என்கிறது, டியு 47 என்கிறது. வித்தியாசம் 46. லாக் 31. மிச்சம் 15 ஜிபி எங்கே?

உங்கள் கடிதத்தின் முடிவில் வரும் ஒரு வரிதான் எனக்கு உறுத்துகிறது: 'பேக்கப் யுஎஸ்பி டிஸ்க்குக்குப் போகிறது, அதில் பிரச்சினை இல்லை.' கடலூரில் கரண்ட் போவதும் வருவதும் நமக்குத் தெரிந்ததுதான். யுபிஎஸ் தீர்ந்து சர்வர் அணைந்து மறுபடி எழுந்தபோது, யுஎஸ்பி டிஸ்க் மவுன்ட் ஆகாமல், அதாவது பேக்கப் ஃபோல்டரோடு இணையாமல், இருந்திருக்கலாம். ஆனால் பேக்கப் என்ற காலி ஃபோல்டர் ரூட் டிஸ்க்கிலேயே, அதாவது சர்வரின் சொந்த டிஸ்க்கிலேயே, இருக்கும். இரவு ஸ்கிரிப்ட் வித்தியாசம் தெரியாமல் அதற்குள் எழுதிவிடும். சில நாள் கழித்து யாரோ யுஎஸ்பியைச் சரியாகச் செருகி மவுன்ட் செய்ததும், அந்தப் பழைய ஃபைல்கள் அதன் அடியில் மறைந்துபோகும். டியுவுக்குத் தெரியாது, இடத்தை மட்டும் பிடித்திருக்கும். இது என் ஊகம்தான். ஆனால் இந்தப் பக்கத்துச் சின்ன அலுவலகங்களில் நான் இதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

சோதிக்க வழி இருக்கிறது. மவுன்ட் கமாண்டில் பைண்ட் ஆப்ஷன் போட்டு, ரூட் டிஸ்க்கை எம்என்டி ஃபோல்டரில் இன்னொரு முறை மவுன்ட் செய்யுங்கள். அந்த வழியாகப் போனால் மேலே மவுன்ட் ஆகியிருக்கும் யுஎஸ்பி தெரியாது, அடியில் இருப்பது தெரியும். எம்என்டிக்குள் இருக்கும் பேக்கப் ஃபோல்டரில் டியு ஓட்டுங்கள். 15 ஜிபி அங்கே இருந்தால், அவை உங்கள் பேக்கப்தான், உடனே அழிக்க வேண்டாம். அந்தத் தேதிகளின் பேக்கப் யுஎஸ்பியில் இல்லை என்று அர்த்தம். யுஎஸ்பிக்கு நகலெடுத்துவிட்டு, பிறகு எம்என்டி வழியாக மட்டும் அழியுங்கள். எந்த ஃபோல்டருக்குள் நிற்கிறீர்கள் என்று பிடபிள்யூடி அடித்துப் பார்த்துவிட்டு ஆர்எம் போடுங்கள். இந்த இடத்தில் ஃபோல்டர் மாறினால் நல்ல பேக்கப் போய்விடும். முடிந்ததும் எம்என்டியை மறக்காமல் அன்மவுன்ட் செய்யுங்கள். அப்புறம் பேக்கப் ஸ்கிரிப்டின் தொடக்கத்தில் ஒரு வரி சேருங்கள்: மவுன்ட்பாயின்ட் கமாண்டால் யுஎஸ்பி நிஜமாகவே இருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் ஸ்கிரிப்ட் அங்கேயே நிற்க வேண்டும்.

பின்லாக் விஷயத்தைச் சொல்வதற்கு முன், நான் செய்த தப்பைச் சொல்கிறேன். 2012இல் புதுச்சேரியில் ஒரு மொத்த வியாபாரக் கடைக்கு சர்வர் வேலை பார்த்தேன். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் அடித்து ஓய்ந்து சில மாதம்தான் ஆகியிருந்தது. அங்கே போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ். ஒருநாள் டிஸ்க் நிறைந்தது. தேடினால் பிஜி_எக்ஸ்லாக் என்ற ஃபோல்டர் மலைபோல் இருந்தது. பெயரிலேயே லாக் இருக்கிறதே என்று பழையதையெல்லாம் அழித்துவிட்டேன். டேட்டாபேஸ் எழவே இல்லை. அவை வெறும் பதிவுகள் அல்ல. எழுதி முடித்தும் டேபிளில் இன்னும் சேராத மாற்றங்கள் முதலில் உட்காரும் இடம் அது. அவ்வளவு சேர்ந்ததற்குக் காரணம் வேறு. அவற்றை நகலெடுத்து வைக்க வேண்டிய டிஸ்க், புயல் சமயத்தில் கழற்றியது, திரும்ப மாட்டப்படவே இல்லை. நகல் எடுக்க முடியாததால் போஸ்ட்கிரெஸ் எதையும் விட்டுவிடாமல் சேர்த்து வைத்திருந்தது. அது தன் கடமையைச் சரியாகச் செய்திருக்கிறது. அதைத்தான் நான் அழித்தேன். கடைப் பையன்கள் இரண்டு பேர், என்னோடு சேர்ந்து, நான்கு நாள் இரவு பகலாகப் பேப்பர் பில்லைப் பார்த்து மறுபடி அடித்தார்கள். அவர்கள் முகம் இன்னும் எனக்கு நினைவிருக்கிறது.

உலகம் முழுக்க நிறையப் பேர் இதே தப்பைச் செய்திருக்கிறார்கள். அதனால்தான் 2017இல் வந்த போஸ்ட்கிரெஸ் 10ஆம் பதிப்பில் அந்த ஃபோல்டரின் பெயரையே பிஜி_வால் என்று மாற்றினார்கள். லாக் என்ற சொல்லைப் பார்த்ததும் கை அழிக்கப் போகிறது என்பதுதான் காரணம்.

உங்கள் பின்லாக் இதே மாதிரி இல்லை, ஆனால் நெருங்கிய உறவு. டேட்டாபேஸில் நடந்த ஒவ்வொரு மாற்றமும் வரிசையாக அதில் இருக்கிறது. நேற்று இரவு பேக்கப் எடுத்து, இன்று மாலை டிஸ்க் பழுதானால், இன்று பதிந்த ரிசல்ட்டுகளை மீட்க அதுதான் வழி. மைஎஸ்க்யூஎல் 8இல் இது தானாகவே இயங்கும், நாம் மாற்றாவிட்டால் 30 நாள் வைத்திருக்கும். அதனால் 14 ஜிபி சேர்ந்ததில் வியப்பில்லை. குறைக்கலாம், ஆனால் ஆர்எம் போட்டு அல்ல. எந்தெந்த ஃபைல் இருக்கிறது என்று ஒரு இன்டெக்ஸ் ஃபைலில் மைஎஸ்க்யூஎல் கணக்கு வைத்திருக்கிறது. நாம் வெளியிலிருந்து அழித்தால் அந்தக் கணக்கு குழம்பும். மைஎஸ்க்யூஎல்லுக்குள் போய் 'பர்ஜ் பைனரி லாக்ஸ் பிஃபோர்' என்று தேதியோடு சொன்னால், ஃபைலையும் கணக்கையும் அதுவே சேர்த்து முடித்துவிடும். பிறகு காலாவதி அளவை 30 நாளிலிருந்து 7 நாளாக்குங்கள். அந்த அமைப்பு நொடிக் கணக்கில் கேட்கும்: 604800. ரெப்ளிகா என்று இன்னொரு சர்வர் இதைப் படிக்கிறது என்றால் அது படித்து முடித்ததை உறுதிசெய்த பிறகே பர்ஜ். உங்கள் லேபில் அப்படி எதுவும் இருக்காது என்று நினைக்கிறேன்.

எந்தத் தேதி வரை பர்ஜ் செய்யலாம்? கடைசியாக எடுத்த நல்ல பேக்கப்பின் தேதிக்கு முன்னால் இருப்பதை மட்டும். 'நல்ல' என்பதைத்தான் பார்க்க வேண்டும். சனிக்கிழமையிலிருந்து டேட்டாபேஸ் திணறிக்கொண்டிருக்கிறது. அந்த இரவுகளில் எடுத்த பேக்கப் பாதியில் நின்றிருக்கலாம். டேட்டாபேஸை ஒரு ஃபைலாக எழுதித் தரும் மைஎஸ்க்யூஎல் டம்ப் முழுதாக முடிந்தால் ஃபைலின் கடைசி வரியில் 'டம்ப் கம்ப்ளீட்டட்' என்று எழுதும். ஒவ்வொரு பேக்கப்பையும் திறந்து அந்த வரி இருக்கிறதா என்று பாருங்கள். இதை இன்றே பாருங்கள், காரணம் இருக்கிறது. பெரும்பாலான பேக்கப் ஸ்கிரிப்டுகளில் '7 நாளுக்கு மேற்பட்டதை அழி' என்று ஒரு வரி இருக்கும். புதிதாக வருவதெல்லாம் அரைகுறை, பழைய நல்லவற்றை ஸ்கிரிப்டே தினம் ஒன்றாக அழிக்கிறது என்றால், ஏழாம் நாள் உங்கள் கையில் ஒன்றும் இருக்காது. எல்லாம் சரியாகும் வரை அந்த வரியை முடக்கி வையுங்கள்.

சனிக்கிழமை திரை சுற்றிக்கொண்டே இருந்ததற்கும் விளக்கம் உண்டு. எழுத இடம் இல்லாதபோது மைஎஸ்க்யூஎல் பெரும்பாலும் செத்துவிடாது, காத்திருக்கும். நிமிடத்துக்கு ஒருமுறை இடம் வந்ததா என்று பார்க்கும், பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எரர் லாக்கில் எழுதி வைக்கும். அதனால் மறுபடி அப்படி நின்றால், தயவுசெய்து கில் போட்டு நிறுத்தாதீர்கள், பவர் பட்டனையும் அழுத்தாதீர்கள். கொஞ்சம் இடம் கொடுத்தால் விட்ட இடத்திலிருந்து பெரும்பாலும் தானே தொடரும். அந்தக் கொஞ்சம் இடத்துக்கு ஆபத்தில்லாத வழிகள் இரண்டு: ஏபிடி க்ளீன் போட்டால் இன்ஸ்டால் செய்த பிறகு மிச்சமிருக்கும் பேக்கேஜ் ஃபைல்கள் போகும். ஜர்னல்சிடிஎல் கமாண்டில் வேக்யூம் சைஸ் 200 எம் என்று கொடுத்தால் சிஸ்டம் லாக்குகள் அந்த அளவுக்குச் சுருங்கும். அவசரத்துக்கு இவை போதும். மைஎஸ்க்யூஎல் ஃபோல்டருக்குள் இருக்கும் ஐபிடேட்டா போன்ற ஃபைல்களை எந்த அவசரத்திலும் தொடாதீர்கள். அதுதான் லேபின் மொத்த டேட்டாவும்.

இப்போது நீங்கள் எடுத்து வைத்த அந்த 2000 வரிகள். ஒரு லேபின் சாஃப்ட்வேர் எழுதும் லாக் 31 ஜிபி ஆகக் கூடாது. திறந்து பாருங்கள், பெரும்பாலும் ஒரே எரர் திரும்பத் திரும்ப வந்திருக்கும். கழற்றி வைத்த பழைய அனலைசர் மெஷினோடு சாஃப்ட்வேர் இன்னும் நொடிக்கு ஒருமுறை இணையப் பார்த்துத் தோற்றுக்கொண்டிருக்கலாம். ஒரு தோல்விக்கு ஜாவா 40, 50 வரி எழுதும், சுமார் 4 கேபி. நொடிக்கு 4 கேபி என்றால் ஒரு நாளைக்கு 345 எம்பி, 90 நாளில் 31 ஜிபி. மூன்று மாதத்துக்கு முன் லேபில் என்ன மாறியது என்று யோசித்துப் பாருங்கள். அந்த வரிகளை சாஃப்ட்வேர் கொடுத்தவர்களுக்கு அனுப்பி, அதை நிறுத்தச் சொல்லுங்கள். அதை நிறுத்தாவிட்டால் நாம் இன்று செய்வதெல்லாம் மூன்று மாதத்துக்குத்தான்.

அதோடு, லாக்கைத் தானாகச் சுழற்றும் லாக்ரொட்டேட் அமையுங்கள். தினமும் சுழற்று, 14 வைத்துக்கொள், சுருக்கு, காபிட்ரன்கேட். கடைசிச் சொல் முக்கியம். சாதாரணமாக லாக்ரொட்டேட் பழைய ஃபைலின் பெயரை மாற்றிவிட்டுப் புதிது வைக்கும். உங்கள் டாம்கேட் கையை விடாது என்று பார்த்தோமே, அது பெயர் மாறிய பழைய ஃபைலிலேயே எழுதிக்கொண்டிருக்கும். காபிட்ரன்கேட் போட்டால் நகலெடுத்துவிட்டு அதே ஃபைலைக் காலியாக்கும். நகலெடுக்கும் நொடியில் ஒன்றிரண்டு வரி தவறலாம், இந்த லாக்குக்குப் பரவாயில்லை. நகலுக்கும் இடம் வேண்டும் என்பதால் லாக் சின்னதாக இருக்கும்போதே இதைத் தொடங்க வேண்டும்.

டிஎஃப் பாதி இடம் காலி என்று காட்டியும் 'இடமில்லை' என்றே எரர் வந்தால் டிஎஃப் கமாண்டில் ஹைபன் ஐ போட்டுப் பார்க்க வேண்டும். ஃபைலுக்கு ஒன்று என்று தேவைப்படும் ஐநோட் தீர்ந்திருக்கும், அதாவது குட்டிக் குட்டி ஃபைல்கள் லட்சக்கணக்கில் சேர்ந்திருக்கும். உங்கள் விஷயம் அதுவல்ல. இதைப் படிக்கும் வேறு யாருக்காவது உதவும் என்று சொல்லி வைக்கிறேன்.

உங்கள் முதலாளிக்கு என் பதில்: ஐயா, இப்போதைக்குப் புது ஹார்ட் டிஸ்க் வேண்டாம். உங்கள் உண்மையான டேட்டா 47 ஜிபி, பின்லாக் குறைந்தால் அதற்கும் கீழே. 98இல் பாதி காலியாக இருக்கும். இன்னும் பெரிய டிஸ்க் போட்டால் அந்த லாக் அதையும் நிரப்பும், நாள் கூட ஆகும், அவ்வளவுதான். அந்தப் பணத்தில் இரண்டாவது யுஎஸ்பி டிஸ்க் ஒன்று வாங்குங்கள். வாரம் ஒருமுறை பேக்கப்பை அதில் நகலெடுத்து லேபுக்கு வெளியே, மாடி வீடு ஒன்றில் வையுங்கள். கடலூரில் மழைக்காலத்தில் தரைத்தளத்தின் கதி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மீதிப் பணத்தில் யுபிஎஸ் பேட்டரியை மாற்றுங்கள். அப்புறம், பில்லிங்குக்கு வந்த பையன் சர்வரையும் பார்க்கிறான் என்றால், அதற்கென்று வாரத்தில் இரண்டு மணி நேரமாவது ஒதுக்கிக் கொடுங்கள். நோயாளியின் ரிப்போர்ட் அவன் கையில்தான் இருக்கிறது.

தம்பி, கடைசியாக ஒரு சின்ன வேலை. தினமும் காலை லேப் திறந்ததும் டிஎஃப் காட்டும் சதவீத எண்ணை ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதுங்கள். 80% தாண்டினால் உங்கள் போனுக்குச் செய்தி வரும்படி குறித்த நேரத்தில் தானே ஓட்டும் க்ரானில் ஒரு ஸ்கிரிப்டும் வைக்கலாம், வைக்க வேண்டும். ஆனாலும் நோட்டை விடாதீர்கள். நேற்று 51, இன்று 54 என்று எழுதும்போதே ஏதோ தப்பு என்று தெரிந்துவிடும், 80 வரை காத்திருக்க வேண்டாம். இன்று இரவு ரீஸ்டார்ட் முடிந்ததும் வரும் எண்ணை முதல் பக்கத்தில் எழுதுங்கள். அது 65க்கு மேல் இருந்தால், அடியில் மறைந்திருப்பதாக நான் ஊகித்த அந்த 15 ஜிபி இன்னும் இடத்தைப் பிடித்திருக்கிறது. அதற்கும் மேலே, 80க்குப் பக்கத்தில் நின்றால், எல்எஸ்ஓஎஃப் இன்னொரு முறை ஓட்டி, வரும் வரிகளை அப்படியே எனக்கு அனுப்புங்கள்.